அக்கா கணவாய்

கார்காலம் விடைபெறும் நாள்களுள் ஒன்று. கதிரவன் உச்சியை எட்ட இன்னும் இருநாழிகை எஞ்சியிருந்த முற்பகல். வடதிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் உடன்பிறப்புகளைப்போல் மலைகள் நிரைநிரையாய் எழுந்து நின்றன. அவற்றின் மடிப்புகளில் அருவிகள் வெள்ளிக் கம்பிகளாய் இறங்க, முகடுகளிலோ முந்திய நாளின் மழைமுகில் இன்னும் எழுந்துபோக மனமின்றிப் படுத்திருந்தது. மலைகள் தாள்நீட்டி முடியும் சமநிலத்தில், நீண்ட தகரக் கொட்டகைகளும், ஈரம் உலராத கல்தளமும், அத்தளத்தில் வெண்ணிறத்தால் வரைந்த பன்னிரு வட்டங்களுமாய்க் கிடந்தது ஓர் உலங்கூர்திப் படைத்தளம். தலைமேல் சுழலும் அலகுகளால் காற்றை அறைந்து நின்ற இடத்திலிருந்தே வானேறும் அவ்வூர்திகளுள் பதினொன்று தத்தம் வட்டத்தில் அலகு தாழ்த்தி நின்றன. ஒரு வட்டம் மட்டும் வெறுமையாய் இருந்தது.

அவ்வெறுவட்டத்தையே நோக்கியபடி, மாடியிலிருந்த செய்தியறையின் கண்ணாடிச் சாளரத்தருகே நின்றிருந்தார் தளத்தின் தளபதி. ஐம்பது அகவை, நெற்றியோரம் நரையோடிய கூந்தலை இறுக முடிந்து, மடிப்புக் கலையாத சீருடையில் நிமிர்ந்து நின்ற அவரது இடமார்பில், பிற பட்டைகளுக்கெல்லாம் மேலாய் ஒரு செந்நிறப் பட்டை ஒளிர்ந்தது. நாட்டின் மறத்துக்கு அளிக்கப்படும் உயர்ந்த விருதின் அடையாளம் அது. அதனைக் கண்டு எழுந்து நின்று வணங்காத படைவீரன் அந்நாட்டில் இல்லை. அதனை ஒவ்வொரு காலையும் சீருடையில் குத்தும்போது தளபதியின் விரல் ஏன் சிறிது நடுங்கும் என்பதை அறிந்த மாந்தரும் அந்நாட்டில் அவரன்றி இருவரே இருந்தனர். கற்றறிந்து இக்கதை படிப்போரே, அந்நடுக்கத்தின் வரலாற்றை முதலில் கூறிவிடுவதே முறை.

அஞ்சல் பிரிக்கும் பணியாளர் ஒருவரின் நான்கு பெண்மக்களுள் மூத்தவராய்ப் பிறந்து, பெண்கள் வானூர்தி ஓட்டலாம் என்று படை கதவைத் திறந்த ஆண்டிலேயே அக்கதவினுள் நுழைந்தவர் அவர். அவ்வகுப்பில் ஐம்பத்தொருவர் ஆடவர், ஒருத்தி பெண். தொடக்கத்தில் அவரைக் கண்டு வாயைப் பொத்திச் சிரித்தவர்கள், ஆறுதிங்கள் கழித்து, வெறிகொண்ட பக்கக்காற்றில் ஊர்தியை ஒரு கொடிக்கம்பத்தின் உச்சியருகே ஆணியடித்தாற்போல் அவர் நிறுத்திக் காட்டியபோது வாயைப் பொத்தவும் மறந்து நின்றனர். இளையோர் அவரை அக்கா என்றனர். பின்னர் மூத்தோரும் அவ்வாறே அழைக்கலாயினர்.

இருபத்தெட்டாம் அகவையில், எல்லைப்பூசல் நிகழ்ந்த காலத்தில், மலைநடுவே உள்ள மேலரணிலிருந்து குண்டடிபட்ட வீரர் மூவரைக் கொணரும் பணி அவருக்கு வாய்த்தது. உடன்சென்றவர் ஒரே ஒரு பொறிவினைஞர். எப்போதும் உதட்டிடுக்கில் ஒரு திருகாணியைக் கவ்வியிருந்தமையால் ஆணி என்றே பெயர் பெற்றவர். மூவரையும் ஏற்றிப் பள்ளத்தாக்கில் திரும்புகையில் முகில் முன்னும் பின்னும் அடைத்தது. மேற்கே ஒரு கணவாய் இருந்தது. அலகுகளின் அகலத்தைப்போல் மூன்று மடங்கே அகன்ற இடுக்கு. நடுவில் ஒரு வளைவு. வளைவில் யானைத் துதிக்கைபோல் நீட்டிய ஒரு பாறை. கணவாயின் வாயில்வரை சென்று, உள்ளே சுண்ணச் சுவர்போல் வெண்மை நிறைந்திருக்கக் கண்டு அவர் ஊர்தியைத் திருப்பினார். ஆற்றங்கரைப் பாறைத்திட்டு ஒன்றில் இறக்கி, எரிபொருள் தீராதிருக்கப் பொறியை அணைத்து, முகில் விலகும்வரை இரண்டு மணியும் பத்து நிமையமும் காத்திருந்தார். அக்காலத்தில் மலைச்சுவரைத் தாண்டிச் செய்தி செல்லாது. காயம்பட்டோருள் இருவர் நினைவிழந்து கிடந்தனர். இருபது அகவை நிரம்பிய மூன்றாமவன் அக்காத்திருப்பின் முடிவில் உயிர்நீத்தான். பின்னர் முகில் விலக, தெளிந்த ஒளியில், அக்கணவாய் வழியே அவர் வெளிவந்தார்.

அவர் செய்தது சரி. அறிவுடைய வானோடி எவரும் அதையே செய்வார். வேறு செய்திருப்பின் ஐவரும் மாண்டிருப்பர். ஆயினும் அன்றைய தளத்தலைவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு அவரிடம் சொன்னது வேறு.

"இங்க பாரும்மா. ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்னு எழுதினா, பையன் செத்ததுக்குக் காரணம் அதுதான்னு பேசுவாங்க. ஒரு ஆம்பளை செஞ்சா யோசிச்சுச் செஞ்சான்னுவாங்க. நீ செஞ்சா பயந்துட்டாள்னுவாங்க. உனக்குப் பின்னாடி வரப்போற பொண்ணுங்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திடுவாங்க. கிளம்பின நேரத்தை ரெண்டு மணி நேரம் தள்ளிப் போட்டுட்டேன். மேகத்துக்குள்ளயே கணவாய் வழியா வந்தே. பையன் வர்ற வழியில போயிட்டான். அவ்வளவுதான். கையெழுத்துப் போடு."

இரண்டு நாள் உறங்காத கண்களோடு, குருதிக்கறை போகாத கையால், அவர் ஒப்பமிட்டார். ஒரு வரி, ஒரு நொடி. ஆனால் அவ்வரி அவரைச் சுற்றிச் சுவராய் வளர்ந்தது. செந்நிறப் பட்டை வந்தது. முகிலினூடே அவ்விடுக்கைக் கடந்த மறத்தியின் கதை பயிற்சிக்கூடங்களில் கற்பிக்கப்பட்டது. வாயிலில் நுழைந்து இருபது எண்ணி இடப்புறம் சாய்க்க வேண்டும் என்று, எவனோ ஓர் ஆசிரியன் தன் கற்பனையால் கணக்கும் வகுத்துவிட்டான். படைவீரர் அவ்விடுக்குக்கு அக்கா கணவாய் என்றே பெயரிட்டனர். மதிப்புயர்வு ஒவ்வொன்றும் சுவரின்மேல் ஒரு வரிசைக் கல்லாய் ஏறியது. மாலையிட வந்த கைகளெல்லாம் வாயிலை அடைத்த கைகளாயின. மணமான பின்னரோ சுவர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பல் மருத்துவரான அவர் கணவர், வாய்பிளந்து கிடக்கும் நோயாளியிடம், மறுமொழி கூற இயலாத அந்நிலையைத் தமக்கு வாய்ப்பாக்கி, மனைவி முகிலைக் கிழித்த கதையைத் தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லுவார். "பல்லு வலிகூட மறந்துடுச்சுன்னு சொல்றாங்க, தெரியுமா!" என்று அவர் மகிழ்வோடு கூறும் மாலைகளில் தளபதி சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார், உண்ணமாட்டார். அக்கணவாயை வரைபடத்திலிருந்து நீக்குக என்று இருமுறை மேலிடத்துக்கு எழுதினார். உங்கள் பணிவைப் போற்றுகிறோம் என்று இருமுறையும் விடை வந்தது. ஆகவே தம்மாலான ஒன்றை மட்டும் செய்தார்: முகில் சூழும் நாளில் அப்பள்ளத்தாக்குக்குள் எவரும் செல்லலாகாது என்று ஆணையிட்டு, அதனைக் கண்ணிமைபோல் காத்துவந்தார்.

அன்று காலை, முகட்டில் கிடந்த முகிலன்றி, பள்ளத்தாக்கின்மேல் வானம் தெளிந்தே இருந்தது. பள்ளத்தாக்கினுள் சாலை வெட்டுவோரின் குடியிருப்பின்மீது மண்சரிந்து அறுவர் நசுங்கிக் கிடப்பதாகச் செய்தி வந்தது. தளபதி தம் வானோடிகளுள் மிகத் தேர்ந்தவளை ஒரு துணையாளோடு அனுப்பினார். குருவி என்று தோழர் அழைக்கும் அவள், இருக்கையில் பஞ்சணை ஒன்றை மடித்துப்போட்டுக்கொண்டால்தான் முன்கண்ணாடி வழியே பார்க்கக்கூடிய அளவு சிற்றுருவினள். அந்தச் சிவப்புப் பட்டையின் கதையைப் பள்ளிநூலில் படித்ததனாலேயே படையில் சேர்ந்தவள். அறுவரையும் ஏற்றிவிட்டாள் என்ற மகிழ்செய்தி வந்து கால்நாழிகையும் கழியவில்லை. முகட்டில் படுத்திருந்த முகில், யாரோ போர்வையை உதறினாற்போல் ஒரே வீச்சில் பள்ளத்தாக்கினுள் சரிந்தது. முன்போலன்றி இப்போது மலைமுகட்டில் செய்திக்கோபுரம் இருந்தமையால், அவள் குரல் செய்தியறையின் ஒலிபெருக்கியில் தெளிவாய்க் கேட்டது.

"மேடம், வந்த வழி மூடிக்கிச்சு. முன்னாடியும் ஒண்ணும் தெரியல. எரிபொருள் நாற்பது நிமிஷத்துக்கு இருக்கு. அக்கா கணவாய் வழியா வர்றேன்."

தளபதி ஒலிவாங்கியைப் பற்றினார். "வேணாம் குருவி. தெரியற இடத்துல இறக்கி, என்ஜினை நிறுத்து. இது என் ஆர்டர்."

"மேடம், ஒருத்தருக்குக் கால் நசுங்கிப்போச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. காத்திருந்தா போயிடுவார்."

"கணவாய்ல பாறை சரிஞ்சு கிடக்கு. போக முடியாது."

இதைக் கூறியபோதே, ஒரு பொய்யைக் காக்க மற்றொன்றைப் பெற்றுவிட்டோம் என்று அவர் நெஞ்சு சுட்டது. அது பயன்படவும் இல்லை.

"போன வாரம்தான் அது வழியா வந்தேன் மேடம். சுத்தமா இருக்கு." குருவியின் குரலில் அச்சமில்லை, அதுவே அச்சந்தருவதாய் இருந்தது. "என்மேல இருக்கிற அக்கறையில சொல்றீங்க, புரியுது. ஆனா அன்னைக்கு உங்களையும்தான் யாராவது தடுத்திருப்பாங்க. நீங்க கேட்டிருப்பீங்களா? இருபது எண்ணி இடது பக்கம் சாய்க்கணும். எனக்கு மனப்பாடம். வாசல் கிட்ட வந்துட்டேன்."

அவ்வேளையில் மேசைமீதிருந்த தொலைபேசி ஒலித்தது. அன்றைய தளத்தலைவர் இன்று தலைநகரில் வான்படை முழுமைக்கும் தலைவர். இடர் நேர்ந்த தளத்தின் செய்திகள் யாவும் அவர் அறையிலும் பிற தளங்களிலும் ஒலிக்கும். எடுத்த மாத்திரத்தில் அவர் குரல் தாழ்ந்து விரைந்து வந்தது.

"ஆர்டர் மட்டும் போடு. காரணம் எதுவும் சொல்லாதே. எல்லாம் பதிவாகிட்டு இருக்கு, புரியுதா? உன்னோட நான் மட்டும் இல்ல, இந்தப் படையே மானம் போய் நிக்கும்."

"அவ ஆர்டரைக் கேக்க மாட்டா சார். என்னை நம்புறா. அதனாலதான் கேக்க மாட்டா."

"அப்ப அது அவ தலையெழுத்து. நீ வாயைத் திறக்காதே."

தளபதி தலைநிமிர்ந்து நோக்கினார். செய்தியறையில் இளம்பணியாளர் இருவர் இருக்கையின் விளிம்பில் உறைந்திருந்தனர். கதவருகே, பணிமனையிலிருந்து ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல், எண்ணெய் படிந்த கைத்துணியைப் பிசைந்தபடி நின்றிருந்தார் ஆணி. ஓய்வுக்கு ஓராண்டே இருந்த அம்மனிதர் இருபத்திரண்டு ஆண்டுகளாய் அதுபற்றி ஒரு சொல்லும் உதிர்த்ததில்லை. தளபதியைக் காணுந்தோறும் வணங்கிக் கடந்ததன்றிக் கண்ணோடு கண் நோக்கியதுமில்லை. இப்போது நோக்கினார்.

"சொல்லிடுங்க மேடம்," என்றார். "நானும் அங்கதானே இருந்தேன்."

தொலைபேசியின் குரல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கவே தளபதி அதனை மேசைமேல் வைத்தார். ஒலிவாங்கியை இருகைகளாலும் பற்றிக்கொண்டார். நாட்டின் பன்னிரு தளங்களில் கேட்டுக்கொண்டிருந்தோர் அனைவர்க்கும் அன்று அக்குரல் கேட்டது.

"குருவி, கேளு. நான் மேகத்துக்குள்ள அந்தக் கணவாய் வழியா வரவே இல்ல. வாசல்வரைக்கும் போனேன். உள்ளே ஒண்ணும் தெரியல. பயந்துட்டேன். திரும்பிட்டேன். ஆத்தங்கரையில இறக்கி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேகம் போனப்புறம்தான் வந்தேன். அந்த இருபது எண்ணுற கணக்கு யாரோ எழுதினது. பொய்க் கணக்கு. இருபது எண்ணிச் சாய்ச்சா நேரா பாறையில போய் மோதுவே. அறிக்கையில இருக்கிறது பொய். கையெழுத்துப் போட்டது நான்தான்."

ஒலிபெருக்கியில் அலகுகளின் அறைதல் மட்டுமே கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என நொடிகள் நகர்ந்தன. இளம்பணியாளருள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வமைதிக்குள் ஒரு பெண்ணின் பதினைந்தாண்டு நம்பிக்கை இடிந்து விழுந்த ஓசை எவர் செவிக்கும் கேட்கவில்லை. தளபதி ஒருவர்தாம் அதனைக் கேட்டார்.

பின்னர்க் குருவியின் குரல் வந்தது. வறண்டு, சிறுத்து, ஆயினும் தெளிந்து.

"எங்க இறக்கினீங்க?"

தளபதிக்கு உயிர் வந்தது. "வாசல்லருந்து திரும்பு. ஆறு உன் வலது பக்கம் இருக்கணும். தண்ணியை ஒட்டி ரொம்பத் தாழ்வா, மெதுவா வா. பாறையில வெள்ளையா ஒரு கோடு தெரியும், பாலைக் கொட்டின மாதிரி. அதுக்குக் கீழே ஒரு தட்டைப்பாறை. ஆத்துப்பக்கம் லேசாச் சரிவு. வால் கரைப்பக்கம் இருக்கட்டும்."

"வெள்ளைக் கோடு... தெரியுது. தெரியுது மேடம். இறக்குறேன்."

அதன்பின் ஒரு மணியும் நாற்பது நிமையமும் அவர்கள் காத்திருந்தனர். தளத்து மருத்துவர் ஒலிவாங்கியருகே அமர்ந்து, நசுங்கிய காலின் தொடையை எவ்விடத்தில் எவ்வாறு இறுக்கிக் கட்ட வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்ல, குருவியும் அவள் துணையாளும் தம் இடைவாரையே கட்டாக்கி முறைமாற்றி அழுத்தினர். பிற்பகலில் காற்று எழுந்து முகிலைத் துணிதுணியாய்க் கிழித்தது. ஊர்தி வெறுவட்டத்தில் வந்திறங்கியபோது அறுவரும் உயிரோடிருந்தனர். ஒருவர் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தார். குருவி இறங்கிவந்து, கல்தளத்தில் காத்திருந்த தளபதியின் முன் நின்றாள். வணங்கினாள். ஆனால் வழக்கம்போல் அந்தச் செந்நிறப் பட்டையை நோக்காமல், அவர் முகத்தை நோக்கி வணங்கினாள். திரும்பி ஊர்தியருகே சென்றுவிட்டாள். அவளுக்குச் சினம் ஆற நெடுங்காலம் ஆயிற்று, அது முறையே.

வீடு சென்ற தளபதி, கணவர் மருந்தறையை மூடிவரும்வரை சீருடை களையாமல் அமர்ந்திருந்து, அவரிடம் அனைத்தையும் உரைத்தார். எத்தனை நோயாளியிடம் எத்தனை முறை அக்கதையைச் சொல்லியிருப்போம் என்று எண்ணி அம்மனிதர் நாணுவார் என அஞ்சியிருந்தார். அவரோ அருகில் வந்து அமர்ந்து, "இத்தனை வருஷமா என் பக்கத்துலயே தனியா இருந்திருக்கியே," என்றார்.

நடந்ததைக் கேட்டறிய உசாவற்குழு அமைந்தது, முடிவும் விரைந்தது. வான்படைத்தலைவர் உடல்நலம் குன்றியதாய்க் கூறிப் பொறுப்பு விலகினார். செந்நிறப் பட்டை திரும்பப் பெறப்பட்டது. தளபதி ஓய்வு பெறுமாறு பணிக்கப்பட்டார். விடைபெறும் விழா நிகழவில்லை. நாளிதழ்கள் சில நாள் ஏசின. பின் வேறொருவரை ஏசச் சென்றன. கணவாயின் வாயிலில் செல்லாதீர் என்னும் பலகை நாட்டப்பட்டது. ஆயினும் தளபதியின் நெஞ்சுக்குள் இன்னும் ஓர் அறை திறவாமலே இருந்தது. அதன் திறவுகோல் படையிடம் இல்லை என்பதை அவர் அறிவார்.

ஓய்வு பெற்ற பத்தாம் நாள், இரண்டு பேருந்து மாறி, ஒரு சிற்றூரின் கடைத்தெருவில் தையற்கடை ஒன்றின் முன் இறங்கினார். பள்ளிச் சீருடைகள் அடுக்கடுக்காய்த் தொங்கிய அக்கடையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பொறியின்முன் அமர்ந்திருந்த அறுபத்தாறு அகவை அம்மையார், பாறைத்திட்டில் இறந்த அவ்வீரனின் தாய். வந்தவரைக் கண்டதும் மிதிகட்டையில் ஓடிய கால் நின்றது.

"வாம்மா. பேப்பர்ல பார்த்தேன். வருவேன்னு நினைச்சேன்."

தளபதி நின்றபடியே கைகூப்பினார். "அம்மா, உங்க பிள்ளையைக் காப்பாத்த முடியல. அதையும் மறைச்சு..."

"அதை விடு. டாக்டர் கிட்டயும் கேட்டுட்டேன். அந்தக் காயத்துக்கு அவ்வளவுதானாம்." அம்மையார் முக்காலியைக் காலால் நகர்த்தித் தந்தார். "உட்காரு. நான் கேக்கிறது வேற. ஏத்தின உடனே நினைவில்லாமப் போயிட்டான்னு எழுதியிருந்தாங்க. பேப்பர்ல ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கு. அப்படின்னா, அந்த ரெண்டு மணி நேரமும் அவன் பேசினானா?"

அப்போதுதான் தளபதிக்கு விளங்கிற்று, தாம் களவாடியது எது என்று. புகழைத் திருடினோம், மறத்தின் பெயரைத் திருடினோம் என்றெல்லாம் தம்மை நொந்துகொண்ட அத்தனை ஆண்டுகளில், ஒரு தாய்க்கு உரிய இரண்டு மணிப்பொழுதை எடுத்து ஒளித்துவைத்திருந்ததை அவர் உணரவில்லை.

"பேசினான்மா," என்றார். "நிறையப் பேசினான்."

அவர் சொன்னார். காலணி இறுக்குகிறது, கழற்றுங்கள் என்று அவன் கேட்டதை; கழற்றியதும் காலுறையில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிடாதீர்கள் என்று நாணியதை; தன் அக்காளின் கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையென்றும், தான் சொன்ன பெயரை எல்லாரும் கேலி செய்தார்களென்றும் கூறியதை; அம்மா தைக்கும் சட்டையில் ஒருகை எப்போதும் சற்று நீளமாய் இருக்கும், ஆனால் அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்றதை. இதைக் கேட்டதும் அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே அது உடைந்து அழுகையாயிற்று.

"கடைசியில," என்று தளபதி தொடர்ந்தார், "கண்ணை மூடிட்டான். பறந்துட்டு இருக்கோம்னு நினைச்சான். 'சத்தமே இல்ல மேடம், நல்லா ஓட்டுறீங்க. வந்துட்டோமா?'ன்னு கேட்டான். என்ஜினை நிறுத்தியிருக்குன்னு சொல்ல மனசு வரல. 'வந்துட்டோம்டா'ன்னேன். சிரிச்சான். அதுவும் பொய்தாம்மா."

அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்து, கண்ணாடியை மீண்டும் அணிந்து, தம்முன் இருந்தவரை நோக்கினார்.

"அந்த ஒரு பொய்யை நான் வச்சுக்கிறேன்," என்றார். "மத்ததையெல்லாம் நீ கொண்டுபோயிடு. இப்ப முதல்லேருந்து சொல்லு. அவன் காலணியைக் கழட்டச் சொன்னதுலேருந்து."

அவ்வாறே அவர் முதலிலிருந்து சொன்னார். வெயில் தெருவின் மறுபுறம் ஏறும்வரை சொன்னார். மறந்ததென்று எண்ணிய சொற்களும் ஒன்றன்கை ஒன்று பற்றி வெளிவந்தன. படிப்போரே, மனிதரைச் சிறைவைக்க இகழ்ச்சி வேண்டுவதில்லை. தகுதியில்லாப் புகழே போதும், அதன் சுவர்களைச் சுற்றத்தாரின் அன்பே பூசி மெழுகும். அச்சிறையிலிருந்து வெளிவருவோர் மாலையுடன் வருவதில்லை. வெறுங்கையராய், காலந்தாழ்ந்து, முன்பின் அறியாத ஒரு வாயிலில் தலைகுனிந்து வந்து நிற்கின்றனர். உள்ளே வரச்சொல்லி முக்காலி நகர்த்தித் தர அங்கொரு கால் உண்டாயின் அது அவர்கள் பெற்ற பேறு. இழந்த மகன் மீளவில்லை. இழந்த ஆண்டுகளும் மீளவில்லை. எனினும் அவன் உயிரோடிருந்த கடைசி இரண்டு மணிப்பொழுது, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, உரியவரின் கையில் ஒப்படைக்கப்பட்டது.